எம்டன்–சிட்னி கடற்போர்: நினைவுச்சின்னங்களைத் தேடிப்போய்ப் பார்ப்பதும் பதிவு செய்வதும்

"அவன் சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். அந்தச் சொல்லைத் தமிழுக்குத் தந்த ஜெர்மன் போர்க்கப்பல் 1914 நவம்பர் 9 காலை, இந்தியப் பெருங்கடலில் கோக்கோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கடற்படையின் 'சிட்னி' கப்பலிடம் அடிபட்டு, வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏறி நின்றது. சண்டை ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று கூட. ஆஸ்திரேலியக் கடற்படை கப்பலுக்குக் கப்பல் மோதி வென்ற முதல் போர் அதுதான். ஆகவே அதன் நினைவுச்சின்னங்களில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவில், அதிலும் சிட்னி நகரத்தில் இருக்கின்றன. இந்தக் கதையின் மற்றத் துண்டுகள் சென்னையிலும் பினாங்கிலும் கோக்கோஸிலும் கிடக்கின்றன.

ஒவ்வொரு சின்னமும் தன் ஊருக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறது. ஒன்றைப் பார்த்துவிட்டு முழுப்போரையும் தெரிந்துகொண்டதாக நினைத்தால் ஏமாந்துபோவோம். எதன் எதிரில் நின்றாலும் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரும்போ கல்லோ அந்தச் சண்டை நடந்தபோது அங்கே இருந்ததா? இதை எந்த ஆண்டில், யார் நிறுத்தினார்கள்? எழுத்தில் யாருடைய பெயர் இருக்கிறது, யாருடையது இல்லை? இனி சொல்லப்போவதெல்லாம் இந்த மூன்றையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றித்தான்.

கிளம்பும் முன்

முதலில் தேதிகளைத் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. எம்டன் சென்னைமீது குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22 இரவு. பினாங்குத் துறைமுகத்தில் ரஷ்யாவின் 'ஜெம்சுக்' என்ற குரூசரையும், வெளியே வந்ததும் பிரான்சின் 'மூஸ்கே' என்ற சிறு போர்க்கப்பலையும் மூழ்கடித்தது அக்டோபர் 28. கோக்கோஸ் போர் நவம்பர் 9. இவை மூன்று வெவ்வேறு நிகழ்வுகள், மூன்றுக்கும் தனித்தனிச் சின்னங்கள். மூன்றிலும் எம்டனின் தளபதி ஒருவரே, கார்ல் ஃபான் முல்லர். சிட்னியின் தளபதி ஜான் கிளாசப்.

இரண்டாவது, 'சிட்னி' என்ற பெயர். 1914-ல் வென்ற கப்பல் முதலாவது சிட்னி. அதே பெயர் கொண்ட இரண்டாவது சிட்னி 1941 நவம்பர் 19 அன்று மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் 'கோர்மொரான்' என்ற ஜெர்மன் கப்பலோடு மோதி, அதிலிருந்த 645 பேரும் மாண்டார்கள். அதற்கான நினைவிடம் ஜெரால்ட்டன் நகரின் குன்றின்மேல், 645 கடற்காகங்களால் ஆன குவிமாடத்தோடு நிற்கிறது. இணையத்தில் 'சிட்னி கப்பல் நினைவிடம்' என்று தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் அந்தப் படம்தான். அதைக் கோக்கோஸ் போரின் சின்னம் என்று போட்டுவிட்டால் கட்டுரை முழுவதும் தப்பாகிவிடும்.

கப்பல்களைப் படத்தில் பிரித்தறிவது எளிது: எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள், சிட்னிக்கு நான்கு. பினாங்குக்குள் நுழையும்போது எம்டன் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கி கட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல்போல் வேஷம் போட்டது. தகவல் பலகைகளில் படம் இருந்தால் புகைபோக்கியை எண்ணிப் பாருங்கள்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை. ஐந்து மீட்டர் இழுவை டேப், சின்ன எல்.இ.டி. டார்ச், பத்து செ.மீ. வரை அளவு போட்ட ஒரு அட்டைத்துண்டு, நோட்டு, பென்சில். சிட்னியில் காற்றும் தூறலும் சேர்ந்தே வரும், பேனா மை கலங்கிவிடும். பென்சிலே நல்லது. திசைகாட்டிக்கு போன் போதும். ஆனால் பீரங்கி, எஃகுக் கம்பம் போன்ற பெரிய இரும்புக்கு அருகில் வைத்துப் பார்த்தால் முள் பிசகும். பத்து அடி தள்ளி நின்று பாருங்கள்.

சிட்னியில் ஒரு நாள்

ஹைட் பார்க்கில் தொடங்குவதுதான் வசதி. மியூசியம் ரயில் நிலையத்தில் இறங்கி, பூங்காவின் தென்கிழக்கு மூலைக்கு, ஆக்ஸ்ஃபோர்டு தெருவும் காலேஜ் தெருவும் கூடும் இடத்துக்கு நடந்தால் எம்டனின் பீரங்கி ஒன்று பீடத்தின்மேல் நிற்கும். 1917 டிசம்பர் 21 அன்று திறந்து வைத்தார்கள். அதாவது உலகப்போர் இன்னும் முடியவில்லை. அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு பீடத்திலுள்ள எழுத்தைப் படியுங்கள். அதன் தொனி வேறு மாதிரிப் புரியும். இறந்தவர்களை நினைத்து நிறுத்தியதைவிட, பிடித்துவந்த பொருளை ஊர்நடுவே காட்டுவதற்காக நிறுத்தியது என்பது தெரியும். பக்கத்திலேயே, போரில் இறந்த வீரர்களுக்கான அன்சாக் நினைவகம் இருக்கிறது. அது 1934-ல் திறக்கப்பட்டது, துக்கத்துக்காகக் கட்டியது. இரண்டையும் ஒரே நடையில் பார்த்தால் பதினேழு ஆண்டுகளில் அந்த ஊரின் மனம் எப்படி மாறியது என்பது கண்ணுக்கே தெரியும்.

பீரங்கியை நிதானமாகப் பாருங்கள். வாயின் உள்விட்டம் 10.5 செ.மீ. பாட்டுக் குறுந்தகடு 12 செ.மீ. என்பதால், வாய் அதைவிடக் கொஞ்சம் சிறிதாகத் தெரிய வேண்டும். இந்த வகைக் குழாயின் நீளம் உள்விட்டத்தைப்போல் நாற்பது மடங்கு, கணக்குப்படி 4.2 மீட்டர். டேப்பைக் குழாயின்மேல் சாத்தாமல், நிழல் விழும் தரையில் வைத்தோ பக்கவாட்டில் நின்றோ ஏறக்குறைய அளந்தாலே இது சரியான பீரங்கிதானா என்பது உறுதியாகும். குழாய்க்குள் கையை விடாதீர்கள். உள்ளே மழைநீரும் குப்பையும் சேர்வதும், உள்சுவர் துருப்பிடித்துக் கூராக நிற்பதும் வெளியில் வைத்த எல்லாப் பழைய பீரங்கிகளிலும் உண்டு.

அங்கேயே நின்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். இந்தப் பீரங்கி எறிந்த குண்டு ஒன்று சுமார் 17 கிலோ. எம்டனில் பத்துப் பீரங்கிகள், அவற்றில் ஒரே பக்கம் திருப்பிச் சுடக்கூடியவை ஐந்து. ஆக ஒரே வீச்சில் 85 கிலோ. சிட்னியில் ஆறு அங்குலப் பீரங்கிகள் எட்டு, ஒரே பக்கம் சுடக்கூடியவை அங்கேயும் ஐந்துதான். ஆனால் ஒரு குண்டு சுமார் 45 கிலோ, ஆக 225 கிலோ. எம்டன்தான் முதலில் சுட்டது, தூரத்திலிருந்தே துல்லியமாகவும் சுட்டது. இருந்தும் முடிவு ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு இந்தக் கணக்கே பெரும்பகுதி பதில். சிட்னியில் இறந்தவர்கள் 4 பேர். எம்டனில் இறந்தவர்களின் எண்ணிக்கை 131 என்றும் 134 என்றும் நூலுக்கு நூல் மாறும். பலகையில் எந்த எண் இருக்கிறதோ அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நீங்களாகத் திருத்தாதீர்கள்.

பீடத்தின் நான்கு முகங்களையும் தனித்தனியே எடுங்கள். பலரும் முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். எப்போது நிறுத்தினார்கள், யார் செய்தார்கள் என்பது இதுபோன்ற சின்னங்களில் பெரும்பாலும் பக்கத்திலோ பின்னாலோ சிறிய எழுத்தில் இருக்கும்.

அடுத்து பிராட்லீஸ் ஹெட். மியூசியம் நிலையத்திலிருந்து ரயிலில் சர்குலர் கீ, அங்கிருந்து டரோங்கா விலங்குக்காட்சிசாலைக்குப் போகும் படகு. வங்கி அட்டையையே தட்டி ஏறலாம். படகுத்துறையில் இறங்கியதும் எல்லோரும் விலங்குகளைப் பார்க்கப் போவார்கள். நீங்கள் தண்ணீரை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கரையோரக் காட்டுப்பாதையில் போக வேண்டும். அரை மணி நேர நடை. படிகளும் மேடுபள்ளமும் உண்டு, செருப்பு சரிப்படாது. குடிதண்ணீர் கையில் இருக்கட்டும்.

முனையை எட்டியதும் பலர் செய்யும் தவறு, கரையோரத்துப் பாறையில் நிற்கும் கல்தூணைப் பார்த்து அதுதான் நினைவுச்சின்னம் என்று படமெடுப்பது. அது பழைய தலைமை அஞ்சலகக் கட்டடத்திலிருந்து எடுத்துவந்த தூண். துறைமுகத்துக்குள் இருக்கும் டெனிசன் கோட்டையிலிருந்து சரியாக ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர், தூரத்தைக் குறிக்க நட்டது. கப்பல்களின் வேகத்தை அளக்கப் பயன்பட்டது. போருக்கும் அதற்கும் தொடர்பில்லை. நீங்கள் தேடி வந்தது அதற்கு மேலே உயர்ந்து நிற்கும் எஃகுக் கம்பம்: சிட்னி கப்பலின் மூன்றுகால் முன்கம்பம்.

முதல் கேள்வியை இங்கே கட்டாயம் கேட்க வேண்டும். இந்தக் கம்பம் கோக்கோஸ் போரில் இருந்ததா? இல்லை. 1914-ல் சிட்னியில் இருந்தது ஒற்றைக் கம்பம். 1917-ல் இங்கிலாந்தின் சாத்தம் துறைமுகத்தில் கப்பலைப் பழுதுபார்த்தபோது அதை எடுத்துவிட்டு, மூன்று கால் உள்ளதை மாட்டினார்கள். கப்பலை 1929-ல் உடைக்க விற்றபோது கம்பம் தப்பியது, 1934-ல் இந்த முனைக்கு வந்தது. போர்ப்படங்களில் உள்ள கம்பத்தோடு இதை ஒப்பிட்டுவிட்டு 'வடிவம் பொருந்தவில்லையே, இது போலியோ' என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. போலி இல்லை, அதே கப்பல்தான். மூன்று ஆண்டு பிந்திய உறுப்பு, அவ்வளவே. உங்கள் குறிப்பில் 'எம்டனை வென்ற கப்பலின் கம்பம்' என்று எழுதலாம். 'எம்டனை வென்றபோது நின்ற கம்பம்' என்று எழுதக்கூடாது.

ஏன் மூன்று கால் என்பதையும் அங்கே நின்றே பார்த்துவிடலாம். உச்சியில் இருந்து குறி பார்த்து எல்லாப் பீரங்கிகளையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் முறை வந்தபோது, மேலே கனமான கருவியும் ஆட்களும் ஏற வேண்டியிருந்தது. ஒற்றைக் கம்பம் கடலாட்டத்தில் ஆடும், குறி தப்பும். அதனால்தான் இரண்டு முட்டுக்கால்கள் சாய்வாக வந்து சேர்கின்றன. கீழிருந்து மேலே நோக்கி எடுத்தால் இந்தச் சாய்வு தெரியாது. பத்துப் பதினைந்து மீட்டர் பின்வாங்கி, மூன்று காலும் பிரிந்து தெரியும் கோணத்தில் ஒரு படம் எடுங்கள். தரைக்கு நிமிர்ந்த செங்குத்துக் கோடு ஒன்றும் படத்துக்குள் வரட்டும், இல்லாவிட்டால் கம்பமே சாய்ந்ததுபோல் இருக்கும்.

பின்னாளில் இந்தக் கம்பம் ஆஸ்திரேலியக் கடற்படை இழந்த எல்லாக் கப்பல்களுக்கும் மாலுமிகளுக்கும் பொதுவான சின்னமாயிற்று. கடற்படைக் கப்பல் இந்த முனையைத் தாண்டும்போது ஆட்கள் மேல்தளத்தில் விறைப்பாக நின்று மரியாதை செய்துவிட்டுத்தான் போவார்கள். அடியிலுள்ள பலகைகள் ஒரே காலத்தவை அல்ல. ஒவ்வொன்றின் ஆண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் மில்சன்ஸ் பாயிண்ட். ரயிலில் வந்தால் நிலையத்திலிருந்து சரிவில் இறங்கி, துறைமுகப் பாலத்தின் வடக்குத் தூணுக்கு அடியிலுள்ள கரைச்சுவருக்கு வர வேண்டும். அந்தச் சுவரில் சிட்னி கப்பலின் அணியம், நம் கடற்கரை ஊர்களில் சொல்லும் அதே அணியம், கப்பலின் முன்மூக்கு, பதித்திருக்கிறது. ஓடுகிறவர்களும் தூண்டில் போடுகிறவர்களும் கவனிக்காமல் கடந்துபோகும் சின்னம். ஆனால் சிட்னி கப்பலின் இந்த இரண்டு துண்டுகளில் முதல் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் சொல்வது இதுதான். உடலோடு சேர்ந்த உறுப்பு, 1914 நவம்பர் 9 காலை எம்டனை நோக்கித் தண்ணீரைக் கிழித்தது இதே இரும்பு. சிட்னியில் ஒரே ஒரு சின்னத்துக்குத்தான் நேரம் என்றால் இதற்கே போங்கள். கரைமேல் நின்றால் சுவரோடு சேர்ந்து தட்டையாகத் தெரியும். பாலத்துக்கடியில் படகு போகும்போது தண்ணீர்ப் பக்கத்திலிருந்து எடுத்தால்தான் மூக்கின் கூர்மை தெரியும்.

கான்பராவும் நாணயமும்

கான்பராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் சேகரிப்பில் எம்டனின் இன்னொரு பீரங்கியும் கப்பலின் மணியும் இருக்கின்றன. எந்தப் பொருள் எந்த நாளில் காட்சியில் இருக்கும் என்பதை அவர்களின் தளத்தில் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். சேகரிப்பில் இருப்பதெல்லாம் எப்போதும் பார்வைக்கு இருப்பதில்லை.

சிட்டைப்போல் கையில் அடங்கும் சின்னம் ஒன்றும் உண்டு. எம்டனின் உடைசலிலிருந்து எடுத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களில் ஏறக்குறைய ஆயிரத்தை, மேலே கிரீடமும் எழுத்துச் சுருள்களும் பொருத்திப் பதக்கமாக்கினார்கள். கண்காட்சியிலோ ஏலத்திலோ பார்க்க நேர்ந்தால், நாணயம் மட்டும் சுமார் 27 கிராம், குறுக்களவு 39 மி.மீ. இருக்க வேண்டும். சுருளில் இரு கப்பல்களின் பெயரும் தேதியும் இருக்கும். வெறும் மெக்சிகோ நாணயத்தைக் காட்டி 'எம்டன் காசு' என்று விற்றால், அதை நிரூபிக்க எந்த வழியும் கிடையாது.

சென்னைப் பலகை

சென்னையில் இருப்பது போர்ச்சின்னம் என்பதைவிடத் தாக்குதலின் அடையாளம் என்பதே சரி. அன்றிரவு எம்டன் ஏறக்குறைய 125 குண்டுகளை வீசியது. துறைமுகத்தை ஒட்டிய பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில், ராஜாஜி சாலைப் பக்கம், இதைச் சொல்லும் சிறு பலகை ஒன்று பதித்திருக்கிறது. உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கலாம், கடற்கரை ரயில் நிலையத்திலிருந்தும் நடந்து வரலாம். சுவரை ஒட்டியே மெதுவாக நடங்கள். பலகை சிறியது, எதிர்ச்சாரியிலிருந்து கண்ணில் படாது. வளாகத்துக்குப் பாதுகாப்புக் கெடுபிடி அதிகம். கேமராவைத் தூக்கும் முன், காவலில் நிற்பவரிடம் 'எம்டன் கல்வெட்டைப் படமெடுக்கிறேன் சார்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொல்லாமல் எடுத்தால் படத்தை அழிக்கச் சொல்வார்கள். வாயில்களையும் கேமராக் கம்பங்களையும் சட்டகத்துக்குள் விடாதீர்கள்.

தேய்ந்த எழுத்தைப் படிப்பதற்கு வெளிச்சமே முதல் கருவி. கிழக்கு பார்த்த சுவர் என்பதால் காலை எட்டு மணிக்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கும். எழுத்தின் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் வித்தியாசமில்லாமல் எல்லாம் வெளுத்துத் தெரியும். பதினொன்று, பதினொன்றரைக்குச் சூரியன் உச்சிக்குப் போகும்போது கதிர் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கும், ஒவ்வொரு எழுத்தின் மேல்விளிம்பும் நிழல் போடும். அந்த அரைமணி நேரம்தான் உங்களுக்கானது. மரநிழலோ மேகமோ இருந்தால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டி, பத்துப் பதினைந்து டிகிரிச் சாய்வில் பிடியுங்கள். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம். ஒரு கோணத்தில் மறைந்த கோடு அடுத்ததில் தெரியும். போனைப் பலகைக்கு நேரெதிரே, இணையாகப் பிடியுங்கள். சாய்த்தால் மேல்வரிகள் சுருங்கிவிடும். அளவு அட்டையைப் பலகையின் கீழ் விளிம்பில் தொடாமல் பிடித்தபடி ஒரு படம் கட்டாயம் வேண்டும்.

சுண்ணாம்புக்கட்டி தேய்ப்பது, எண்ணெய் தடவுவது, கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவது இவை மூன்றும் வேண்டாம். கோயில் கல்வெட்டில் மைப்படி எடுத்துப் பழகியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். மெல்லிய பலகையில் ஈரத்தாளை ஒட்டித் தட்டினால் விளிம்பு பெயரும், அனுமதியில்லாமல் நீதிமன்றச் சுவரைத் தொடுவதே தவறு. படத்தில் வராதது எதுவும் மைப்படியில் பெரிதாக வந்துவிடப் போவதில்லை.

எழுதியெடுக்கும்போது வரிக்கு வரி, உள்ளபடியே எழுதுங்கள். வரி முடியும் இடத்தில் சாய்கோடு. படிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி, எத்தனை எழுத்தோ அத்தனை புள்ளி. சந்தேகமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். ஊரின் பழைய பெயரை இன்றைய பெயராக மாற்றாதீர்கள், எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தாதீர்கள். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கி எழுதலாம் என்று விட்டால், 3-ஆ 8-ஆ என்ற இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே நின்று எழுதியதைப் படத்தோடு பிறகு ஒப்பிடுவதுதான் சரியான வரிசை.

சென்னைக் குறிப்பில் அடிக்கடி நுழையும் இன்னொரு பிழை, செண்பகராமன் பிள்ளை அன்றிரவு எம்டனில் இருந்தார் என்பது. நெஞ்சைத் தொடும் கதைதான். ஆனால் கப்பல் ஆட்களின் பட்டியலில் அதற்கு ஆதாரமில்லை. அந்த நாட்களில் அவர் சூரிச்சிலும் பிறகு பெர்லினிலும் இந்திய விடுதலைக்காக இயங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பணியே அவருக்குப் பெருமை. நடக்காததை ஏற்றிச் சொல்லி அதை மறைக்க வேண்டாம்.

பினாங்கும் கோக்கோஸும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் ஜெம்சுக் மாலுமிகளின் நினைவுக்கல் இருக்கிறது. அந்தக் கப்பலில் 80 பேருக்கு மேல் இறந்தார்கள். கல்லறைத் தோட்டம் என்பதால் காலை வேளையில் போங்கள், மற்றக் கல்லறைகளை மிதிக்காமல் பாதையிலேயே நடங்கள், யாராவது அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தால் அவர்கள் முடிக்கும்வரை தள்ளி நில்லுங்கள். எழுத்து ரஷ்ய மொழியில் இருக்கும். போனின் மொழிபெயர்ப்பை நம்பி எழுதாமல், எழுத்து தெளிவாகத் தெரியும் படம் எடுத்து, மொழி தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஹைட் பார்க்கில் வெற்றிப் பொருளாக நிற்கும் அதே எம்டன், இங்கே இளைஞர்களைக் கொன்ற கப்பல். மூன்றாவது கேள்வியின் பொருள் இங்கே நிற்கும்போதுதான் முழுதாக உறைக்கும்.

கோக்கோஸ் தீவுகளுக்குப் பெர்த் நகரிலிருந்து விமானம். இறங்குவது மேற்குத் தீவில். எம்டனின் ஆட்கள் இறங்கித் தந்திநிலையத்தை உடைத்தது டைரக்ஷன் தீவில். அங்கே வாரத்தில் சில நாட்களே படகு போகும், ஆகவே படகு நாளைப் பார்த்துவிட்டு விமானத்துக்குப் பதிவு செய்யுங்கள். மாற்றிச் செய்தவர்கள் எதிரே தீவைப் பார்த்துக்கொண்டே திரும்பியிருக்கிறார்கள். ஃபான் மூக்கே தலைமையில் இறங்கிய 50 பேர், தங்கள் கப்பல் தங்களை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போனதை இந்தக் கரையிலிருந்துதான் பார்த்தார்கள். பிறகு 'ஆயிஷா' என்ற பழைய பாய்மரக் கப்பலைப் பிடித்துக்கொண்டு தப்பினார்கள்.

எம்டன் ஏறி நின்ற வடக்குக் கீலிங் இங்கிருந்து சுமார் 25 கி.மீ. வடக்கே. கடற்பறவைகள் கூடு கட்டும் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. படகுத்துறையும் கிடையாது, அலை பாறையில் நேராக மோதும், அனுமதி கையில் இருந்தும் கடல் ஒத்துக்கொள்ளாமல் திரும்புவது சகஜம். அங்கே போய் முழுக்கப்பலைப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். 1950-களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று உடைத்து இரும்பாக எடுத்துப் போய்விட்டது. மிச்சம் அலைக்கடியில் சிதறிக் கிடக்கிறது. அது சட்டப் பாதுகாப்பில் உள்ள உடைசல். ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாது.

சின்னத்தின் உடல்நிலையைக் குறிப்பது

இத்தனை தூரம் போய்ப் படமெடுப்பவர்கள் இன்னும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, சின்னம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் எழுதி வைத்தால் அது பின்னால் வருபவர்களுக்குப் பெரிய உதவி. பழுதுபார்க்கிறவர்கள் தேடுவது பழைய படங்களைத்தான்.

எஃகில் பெயிண்ட் கொப்புளம் போட்டிருந்தால் அடியில் துரு ஓடுகிறது என்று பொருள். கடற்காற்றின் உப்பு பெயிண்டின் மயிர்க்கோட்டு விரிசலில் இறங்கி, துரு ஊதி, மேல்பூச்சைத் தூக்குகிறது. அதன்மேல் இன்னொரு கோட்டிங் அடித்தால் வெளியே பளபளக்கும், உள்ளே அரிப்பது நிற்காது. போல்ட், ரிவெட் தலைகளுக்குக் கீழே பழுப்புக் கண்ணீர்போல் கோடு வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் உள்ளே தேங்குவதற்கு அதுதான் முதல் அடையாளம். குழாய், கம்பத்தின் அடிப்பாகம், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் இவைதான் முதலில் போகும்.

வெண்கலப் பலகையில் ஒரே சீரான கரும்பழுப்போ பச்சையோ இருந்தால் கவலையில்லை, அது உலோகத்தைக் காக்கும் படலம். வெளிர்பச்சையில் பொடிப்பொடியாக உதிரும் களிம்புதான் ஆபத்து. உப்பு உள்ளே வேலை செய்கிறது. புளி, எலுமிச்சை போட்டு வீட்டுக் குத்துவிளக்குபோல் துலக்கிவிடலாம் என்று கையை வைக்காதீர்கள். காக்கும் படலமும் போய், எழுத்தின் விளிம்பும் மழுங்கிவிடும். வெண்கலம் எஃகைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருக்கும் இடத்தில் எஃகு வேகமாகக் கரையும். பலகையைச் சுற்றி மட்டும் துரு கூடியிருந்தால் காரணம் அதுதான்.

மணற்கல் பீடத்தில் தரையிலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி உயரம்வரை சர்க்கரைபோல் உதிர்ந்தால், மண்ணின் ஈரம் உப்போடு ஏறி, காயும்போது கல்லின் தோலைத் தள்ளுகிறது. சிமெண்ட் பூசி அடைத்திருந்தால் அதையும் குறியுங்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துக் கல்லைத் தின்னும்.

ஒவ்வொரு பழுதுக்கும் இரண்டு படம்: இடம் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, அளவு அட்டையோடு கிட்டே ஒன்று. கோப்பின் பெயரில் ஊர், சின்னம், முகத்தின் திசை, தேதி நான்கும் இருக்கட்டும். ஹைட் பார்க் பீரங்கி என்றால் சிட்னி மாநகராட்சிக்கும், பிராட்லீஸ் ஹெட் என்றால் தேசியப் பூங்கா அலுவலகத்துக்கும் அந்தப் படங்களை அனுப்பலாம். 'மோசமாக இருக்கிறது' என்று எழுதினால் யாரும் அசையமாட்டார்கள். 'வடக்கு முகம், தரையிலிருந்து 40 செ.மீ., போல்ட்டைச் சுற்றி 6 செ.மீ. துரு' என்று எழுதினால் ஆள் அனுப்பிப் பார்க்க முடியும்.